வெறும் வயிற்றில் பன்னிரண்டு மணி நேரம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும், "வாயாடிக்கு இன்னிக்குத்தான் பேனா கிடைச்சுதா"ன்னு நினைச்சிருப்பே. நாள் முழுக்கத் தபால் ஆபீஸ்ல உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துறவ, கூடப் பிறந்தவளுக்கு ஒண்ணு எழுதலை. திட்டறதுன்னா திட்டிக்கோ. நீயும் ஒண்ணும் எழுதிக் கிழிக்கலை.

பக்கத்து வீட்டு நம்பருக்கு மட்டும் ஃபோன் பண்ணிடாதே. நான் ரிசீவரை எடுத்தாலே அந்த வீட்டம்மா டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறாங்க. எதுவா இருந்தாலும் எழுது.

சிட்டுக்குப் பதிமூணு மாசம் முடிஞ்சுது. பிடிச்சுக்கிட்டு நடக்கறா. என்னோட முத்திரைக் கட்டையை எடுத்துச் சுவத்துல குத்தறா. எல்லாம் சரிதான், காலையில மட்டும் என்னவோ சரியில்லை. ராத்திரி பால் கேட்கிறதை அவ நிறுத்தினதுல இருந்து இப்படி. எழுந்திருக்கும்போதே துவண்டு கிடக்கறா, நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு, ஒரு தடவை வாந்தி எடுக்கறா. பால் உள்ளே போய் அரை மணி நேரம் ஆச்சுன்னா பழைய ஆட்டம் ஆரம்பிச்சுடும், பீரோ சாவியைத் தேடிக்கிட்டு நான் அலைவேன். இங்கே இருக்கிற டாக்டர், வளர்ற குழந்தை அப்படித்தான் இருக்கும்னுட்டார். நான் விடலை, ரத்தம் எடுக்கச் சொன்னேன். எடுத்தாங்க. "ரத்தம் கொழுப்பாக உள்ளது, மறுபடி எடுக்கவும்"னு ஒரு சீட்டு வந்திருக்கு. பதிமூணு மாசக் குழந்தைக்கு என்னக்கா கொழுப்பு? இவர் என்னடான்னா, "எல்லாம் உன் வாய்க்கொழுப்பு"ன்னு சிரிக்கறார். எனக்குச் சிரிப்பு வரலை.

உன் வீட்டுக்காரர், அதான் பெரியவர், மாடியிலதான் இருக்கார். உன்னைப் பத்தி அவர் கேட்கறதில்லை, நானும் சொல்றதில்லை. அண்ணனுக்கு உன்னையும் தம்பிக்கு என்னையும் ஒரே நாள்ல கட்டிக் கொடுத்தப்போ, காலம் பூரா ஒரே வீட்ல அடிச்சுக்கிட்டுக் கிடப்போம்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இந்த வீட்ல ஒரு தொட்டில் ஏற்கனவே காலியாயிடுச்சு. அது ஞாபகம் வந்துட்டா எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ரத்தம் பார்க்கிற வேலையில இருக்கே, என்ன செய்யணும்னு நீ சொல்லு. நீ சொன்னா செய்வேன்.

உன் வாயாடி


பிப்ரவரி 9

அடி வாயாடி,

முதல்ல பயத்தை மூட்டை கட்டி வை. அந்தச் சீட்டுக்கு நீ நினைக்கிற அர்த்தமே கிடையாது.

ரத்தத்தை எடுத்து மெஷின்ல சுத்தவிட்டா, சிவப்பு அடியில படியும், மேலே வெளிறின மஞ்சள்ல தெளிவா ஒரு நீர் நிக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த நீர்தான். அதுக்குள்ள வெளிச்சத்தை விட்டுத்தான் சர்க்கரை, உப்பு எல்லாத்தையும் மெஷின் அளக்கும். நீ குழந்தைக்கு நல்லாப் பாலைக் கொடுத்துட்டு உடனே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பே. பால்ல இருக்கிற கொழுப்பு ரத்தத்துல ஏறியிருக்கும், நீர் கலங்கிப் போயிருக்கும், வெளிச்சம் போயிருக்காது. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் ஊரைக் கூட்டறே.

மறுபடி எடுக்கும்போது வெறும் வயிறா இருக்கணும். எங்க லேப்ல ஒரு நாளைக்கு எண்பது பேருக்குச் சொல்றேன் இதை. நேத்து ஒருத்தர் டீ சாப்பாட்டுல சேராதுன்னு என்கூட மல்லுக்கு நின்னார். நீயும் அவரை மாதிரி செய்யாதே. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊட்டிடு. காலையில ஏழு மணிக்கு ஊசி. நடுவுல தண்ணி தவிர ஒண்ணும் கூடாது. பன்னிரண்டு மணி நேரம். அழுவா. அழட்டும். உனக்கு மனசு தாங்காது, எனக்குத் தெரியும். பாவம்னு ரெண்டு வாய் ஊட்டினே, எல்லாம் மறுபடி முதல்ல இருந்து.

தொட்டிலைப் பத்தி இனிமே எழுதாதே. மூணு வருஷமா அந்தப் பேச்சை எடுக்காமதான் நான் வேலைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டிருக்கேன்.

ரிசல்ட் வந்ததும் அப்படியே ஒரு காப்பி அனுப்பு. சிட்டுக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

இதைப் பெரிய ஆஸ்பத்திரியில, குழந்தைகள் வார்டு பெஞ்ச்ல உட்கார்ந்து எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

நீ சொன்னபடியே செஞ்சேன். ஏழு மணிக்கு ஊட்டினேன். லேசா சளி இருந்ததால பாதிதான் சாப்பிட்டா. காலையில ஆறு மணிக்கு முனகினா. நீ எழுதினது ஞாபகம் வந்தது. ஒரு ஸ்பூன் தண்ணி கொடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். ஏழுக்கெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துட்டோம். ஊசி போடறவர் வரலை. எட்டாச்சு. எட்டரையாச்சு. என் பையில பால் பாட்டில் இருந்தது அக்கா. ரெண்டு தடவை மூடியைத் திறந்து மூடினேன். ஒன்பதே காலுக்கு அந்த ஆள் வந்தார். சிட்டு அழவே இல்லை. "எவ்வளவு சமர்த்தா தூங்குது பாரு"ன்னு பக்கத்துல இருந்த அம்மா சொன்னாங்க. நானும் பெருமையா சிரிச்சேன். ஊசி உள்ளே போனப்பவும் அவ அழலை. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அடுத்த நிமிஷம் கண்ணு மேலே சொருகிடுச்சு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

சர்க்கரை இருபத்திரண்டாம், எழுபதுக்கு மேல இருக்கணுமாம். நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தி, வண்டியில போட்டு இங்கே கொண்டு வந்தோம். இன்னிக்கு மூணாவது நாள். கண்ணைத் திறக்கறா. ஆனா என்னைப் பார்க்கலை. என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கறா.

டாக்டரம்மா எல்லார் எதிர்லயும் கேட்டாங்க: "பதிமூணு மாசக் குழந்தையைப் பதினாலு மணி நேரம் பட்டினி போடச் சொன்னது யாரு?" இவர் பக்கத்துல நிக்கறார். நானேதான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். உன் பேரைச் சொன்னா உன் வேலைக்கு ஆபத்து. அதைவிட இவர் ஒரு வார்த்தை சொல்லிடுவார், அது எனக்கு நல்லாத் தெரியும். உன் கடிதம் என் ஜாக்கெட்டுக்குள்ள இருக்கு.

நேத்து குழந்தைகள் நல ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா நோட்டுப் புஸ்தகத்தோட வந்து, குழந்தை வேணும்னு பெத்துக்கிட்டதுதானா, கோபம் வந்தா அடிப்பியான்னெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. என்னைப் போய்க் கேட்கறாங்க அக்கா.

வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. வார்டுக்கு எழுது.

நான்தான்


பிப்ரவரி 18

என் கண்ணே,

மன்னிச்சுக்கோன்னு எழுதினா அது எனக்கு வசதி. அதனால அதைக் கடைசியில எழுதறேன். இப்போ நான் சொல்றதை ஒழுங்காப் படி. முன்னாடி செஞ்ச மாதிரி கண்ணை மூடிக்கிட்டுச் செய்ய வேண்டாம். டாக்டரம்மாகிட்டக் காட்டு, அவங்க சரின்னா செய்.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் படிச்சேன். பால் உள்ளே போனா அரை மணியில சரியாயிடறான்னு நீ எழுதியிருக்கே. ராத்திரி பாலை நிறுத்தினதுல இருந்துதான்னும் எழுதியிருக்கே. பட்டினிதான் அவளுக்கு ஆகலைன்னு ஒரு தபால் ஆபீஸ்காரி கொட்டை எழுத்துல எழுதியிருக்கா, ரத்தம் பார்க்கிற நான் அதைப் படிச்சுட்டுப் பட்டினி போடச் சொல்லியிருக்கேன். கொழுப்புன்னு சொல்லைப் பார்த்ததும், பெரியவங்களுக்குத் தினம் சொல்ற பாட்டை அப்படியே உனக்கும் பாடிட்டேன். குழந்தைக்கு அந்தக் கணக்கே கிடையாது. எங்க லேப் சுவத்துலயே ஒட்டியிருக்கு. என் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்குடி.

இப்போ முக்கியமான விஷயம். வெறும் வயிறா இருந்தா உடம்பு என்ன செய்யும்னு சொல்றேன். கையிருப்புச் சர்க்கரை தீர்ந்து வரும்போது, ரத்தத்துல ஹார்மோன் கிளம்பும். உன் பாஷையில சொன்னா தபால். "சர்க்கரை இல்லை, கொழுப்பைத் திற"ன்னு எழுதின தபால். அது போய்ச் சேர்ந்ததும் சேர்த்து வெச்ச கொழுப்பு வெளிய வரும். அது ஒரு நீளமான சங்கிலி. ஈரல்ல என்சைம்கள் அதை ரெண்டு ரெண்டு கண்ணியா வெட்டி எரிக்கும். ஒரே என்சைம் கடைசி வரைக்கும் வெட்டாது. நீளமா இருக்கும்போது ஒண்ணு வெட்டும், பாதி ஆனதும் இன்னொண்ணு வந்து வாங்கிக்கும். அந்த ரெண்டாவது ஆள் வேலைக்கே வரலைன்னு வெச்சுக்கோ. தபால் போகுது, கொழுப்பும் வருது, பாதி வெட்டினது அப்படியே தேங்கி நிக்குது. எரிக்க ஒண்ணும் இல்லை, சர்க்கரை அதல பாதாளத்துக்குப் போயிடுது. சாப்பிட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் அந்த ஆள் இல்லாதது யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேளு. வந்த அன்னிக்கு எடுத்த சிறுநீர்ல கீட்டோன் இருந்துதா? கொழுப்பு ஒழுங்கா எரிஞ்சா அது வரும். பதினாலு மணி நேரம் பட்டினி கிடந்த குழந்தைக்கு நிறைய இருந்திருக்கணும். இல்லைன்னா நான் சொல்றதுதான்.

நீ என்னைக் காப்பாத்தணும்னு பொய் சொன்னே பாரு, அது சிட்டுக்கு எமன். குழந்தையைப் பட்டினி போட்ட தாய்னு அவங்க உன்னை முடிவு பண்ணிட்டா, குழந்தைக்குள்ள வேற காரணம் இருக்கான்னு தேடவே மாட்டாங்க. குளுக்கோஸ் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அடுத்த சளிக்கு மறுபடி இப்படி ஆகும். அதனால என் கடிதத்தை அவங்க கையில கொடு. உன் வீட்டுக்காரர் கையிலயும் கொடு. இந்தக் கவரோட டாக்டரம்மாவுக்குத் தனியா ஒரு கடிதம் வெச்சிருக்கேன். என் முழு விலாசத்தோட, நான்தான் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அதுல என் பையனைப் பத்தியும் எழுதியிருக்கேன். பதினாலு மாசம். ரெண்டு நாள் காய்ச்சல், சாப்பிடலை, தூங்கட்டும்னு விட்டேன். காலையில எழுந்திருக்கலை. "பிள்ளை பக்கத்துல செத்துக் கிடக்க, தூங்கினவ"ன்னு பெரியவர் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும், சுவர் அவ்வளவு கனம் இல்லை. அண்ணன் தம்பியைக் கட்டின அக்கா தங்கை நாம. உங்க ரெண்டு பேர் உடம்புல இருக்கிறது எங்க ரெண்டு பேர் உடம்புலயும் இருக்கலாம்.

இப்போ எழுதறேன். என்னை மன்னிச்சுக்கோ. மனசு வரலைன்னா வேண்டாம். கடிதத்தை மட்டும் கொடுத்துடு.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கொடுத்துட்டேன். ரெண்டு பேர்கிட்டயும்.

டாக்டரம்மா ரெண்டு கடிதத்தையும் நின்னுக்கிட்டே படிச்சாங்க. ஃபைலைப் புரட்டினாங்க. சிறுநீர்ல கீட்டோன் இல்லவே இல்லைன்னு சொல்லலாம், அவ்வளவு கம்மி. அப்புறம் உட்கார்ந்து மறுபடி படிச்சாங்க. "உங்க அக்கா பையனுக்கு என்ன வயசு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் என்கிட்டப் பேசற தோரணையே மாறிடுச்சு. குதிகால்ல குத்தி, ஒரு அட்டையில சொட்டு ரத்தம் எடுத்தாங்க. நீ சொன்ன அந்தப் பாதிச் சங்கிலியெல்லாம் ரத்தத்துல குவிஞ்சிருக்காம். அந்த என்சைமை எப்படிச் செய்யணும்னு டிஎன்ஏவுல எழுதியிருக்கிறதுல பிழை இருக்கலாம், அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பிரதியும் பிழையா வந்தாத்தான் வியாதின்னு சொன்னாங்க. எங்க ரத்தம் எடுத்துட்டாங்க. உன்னோடதும் பெரியவரோடதும் வேணுமாம். உன்னோடதை உங்க லேப்ல எடுத்து இந்த விலாசத்துக்கு அனுப்பு.

இனிமே இவளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது உள்ளே போகணும். வாந்தி, காய்ச்சல்னா உடனே இங்கே தூக்கிக்கிட்டு ஓடி வரணும். அவ்வளவுதான் வைத்தியமாம்.

இவர் என்ன சொன்னார்னு நீ கேட்பே. மறைச்சு என்ன ஆகப்போகுது. "தன் பிள்ளையை முடிச்சவ, அடுத்ததுக்கும் வழி பார்த்துட்டா"ன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. இனிமே அவ கடிதம் வந்தா பிரிக்கக் கூடாதுன்னுட்டார். அவரை நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ஏன் தெரியுமா? அந்த நிமிஷம் நானும் அதையேதான் நினைச்சேன். பால் பாட்டில் என் பையில இருந்தது. "அழட்டும்"னு நீ எழுதினே. என் மூளை மறந்தாலும் இந்தக் கை மறக்காது.

ரிசல்ட் வர ஆறேழு வாரம் ஆகுமாம். அது வரைக்கும் எழுதாதே. எழுதினாலும் பதில் போட மாட்டேன்.

தங்கை


மார்ச் 2

வாயாடிக்கு,

எழுதாதேன்னு சொன்னே. ரத்தம் அனுப்பிட்டேன்னு சொல்லத்தான் இது. ஐஸ் பெட்டியில வெச்சு, நானே சீல் பண்ணி அனுப்பினேன்.

லேப்ல எங்க பெரிய டாக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டேன். மூணு மாசம் நோயாளிகள்கிட்ட நேரா எதுவும் சொல்லக் கூடாதுன்னு என்னை உள்வேலைக்கு மாத்திட்டாங்க. நியாயம்தான். இப்போ நான் யாரோடயும் பேசாம ரத்தம் பிடிச்ச குழாய்களை மெஷின்ல சுத்தவிட்டுக்கிட்டு இருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. கூப்பிட்டா திரும்பறாளா? பதில்ல வேற ஒண்ணும் வேண்டாம். திரும்பறா, திரும்பலை, ஏதோ ஒரு வார்த்தை எழுதிப் போடு.

அக்கா


மார்ச் 19

வாயாடிக்கு,

பதினேழு நாளாச்சு. தபால்காரர் எங்க லேப் தெருவுக்குப் பதினோரு மணிக்கு வருவார்னு எனக்கு இப்பத்தான் தெரியும். டீ நேரத்தை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி வாங்கிக்கிட்டு வாசல்ல நிக்கறேன். அவரே இப்போ தூரத்துல இருந்து தலையை ஆட்டிடறார்.

கோபம் இருந்தா திட்டி எழுது. நாலு பக்கத்துக்குத் திட்டு. நீ வாயை மூடிக்கிட்டு இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்கு அதைத் தாங்கத் தெரியலை. அவ திரும்பறாளா?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

திரும்பறா.

முதல்ல கண்ணு நின்னது. அப்புறம் கை நீட்டினா. வீட்டுக்கு வந்து மூணாவது வாரம் மறுபடி பிடிச்சுக்கிட்டு நின்னா. இடது கால் கொஞ்சம் இழுக்குது. நாள் ஆக ஆகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. உன் ரெண்டு கடிதமும் வந்தது. நான் லீவுல இருந்தாலும் எங்க ஆபீஸ்லதானே வந்து விழுது, யார் தடுக்க முடியும்? பிரிச்சுப் படிச்சேன். வேணும்னுதான் பதில் போடலை. நீ தவிக்கணும்னு இருந்தது எனக்கு. தவிச்சே. எனக்கு அதுல ஒரு சுகமும் கிடைக்கலை.

ரிசல்ட் வந்துடுச்சு. சிட்டுக்கு ரெண்டு பிரதியும் பிழை. எனக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு. உனக்கு ஒண்ணு.

பெரியவர் ரத்தம் கொடுக்க மாட்டேன்னு ஒரு மாசம் பிடிவாதம் பிடிச்சார். கடைசியில ஒரு நாள் சிட்டு கால் இழுத்துக்கிட்டு மாடிப்படி ஏறப் பார்த்ததைப் பார்த்துட்டு, சட்டையை மாட்டிக்கிட்டுத் தானே கிளம்பிப் போனார். எந்தப் பிழைன்னு அதுக்குள்ள தெரிஞ்சுட்டதால அவரோடது மட்டும் சீக்கிரமே வந்துடுச்சு, அவருக்கும் ஒண்ணு இருக்கு. டாக்டரம்மா எங்க நாலு பேர் சீட்டையும் மேஜை மேல பரப்பி வெச்சுச் சொன்னாங்க. பையன் இப்போ இல்லை, அதனால எழுதிக் கையெழுத்துப் போட முடியாது, ஆனா எனக்குச் சந்தேகமே இல்லைன்னாங்க. காய்ச்சல், சாப்பாடு இல்லை, தூக்கம். அந்தக் காலையில நீ விழிச்சுக்கிட்டே இருந்திருந்தாலும் என்னன்னு உனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க. பெரியவர் உன் சீட்டைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டார். அப்புறம், "அப்போ அவ தூங்கினதால இல்லையா?"ன்னு கேட்டார். இல்லைன்னு அவங்க சொன்னதும் எழுந்து வெளிய போய், சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு ஓன்னு அழுதார். இவர் போய்த் தோளைப் பிடிச்சுக்கிட்டார். நான் போகலை. மூணு வருஷம் நீ தனியா அழுதப்போ இந்த வீட்ல இருந்து யாரும் வரலை. நானும்தான் வரலை. நீ பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் படி இறங்கினப்போ, அடுப்புல வேலை இருக்கிற மாதிரி உள்ளேயே நின்னேன். அதுக்கு நீதான் என்னை மன்னிக்கணும்.

உன்னை நான் மன்னிச்சுட்டேனான்னா, இல்லை. பொய் சொல்ல மாட்டேன். அவ கால் இழுக்கறதைப் பார்க்கும்போதெல்லாம் உன் "அழட்டும்"தான் காதுல கேட்குது.

சிட்டுக்காக நான் போட்ட லீவு ஜூன் ஒண்ணாம் தேதி முடியுது. காலை எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் குழந்தை யார்கிட்ட இருக்கும்னு டாக்டரம்மா கேட்டாங்க, ஃபைல்ல எழுதணுமாம். யோசிச்சுப் பார்த்தேன். இவர் பாசமானவர்தான், ஆனா அவ தூங்கிட்டான்னா, பாவம் எழுப்ப வேண்டாம்னு அரை மணி விட்டுடுவார். முன்னாடி பார்த்துக்கிட்ட பக்கத்து வீட்டம்மா டிவியில மூழ்கிடுவாங்க. வேலைக்கு ஆள் வெச்சா, அழுது அடம் பிடிச்சா ஒரு வேளைதானேன்னு நினைப்பாங்க. ஒரு வேளைன்னா என்னன்னு தெரிஞ்சவ இந்த உலகத்துல என்னைத் தவிர ஒருத்திதான் இருக்கா. அவ இனிமே அரை நிமிஷம் கூடத் தவற விட மாட்டா. உன் பேரைத்தான் சொன்னேன். டாக்டரம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துட்டு எழுதிக்கிட்டாங்க.

இவர்கிட்டச் சொன்னேன். சாப்பிட்ட தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போனார். மறுநாள், "வரட்டும். என்கிட்டப் பேச வேண்டாம்"னார். பேசாதே. நானும் எவ்வளவு பேசுவேன்னு தெரியலை. லேப்ல லீவு தருவாங்களா, வேலையை விட வேண்டியிருக்குமா, அது உன் கஷ்டம், நீயே பார்த்துக்கோ. மே மாசக் கடைசியில வந்துடு.

கோபம் அப்படியேதான் இருக்கு அக்கா. ஆனா குழந்தையை உன்கிட்டத்தான் விடுவேன்.

தங்கை